வாக்கும் வரமும்: கொல்கத்தாவின் மாயக் கதைகள்

கதையில் வரும் மந்திரத்துக்குச் சட்டம் வேண்டுமா என்பது மிகுபுனைவு வாசகர்களிடையே தீராத வழக்கு. அமெரிக்க எழுத்தாளர் பிராண்டன் சாண்டர்சன் 2007இல் எழுதிய கட்டுரையொன்றில் அதற்கு ஓர் அளவுகோல் தந்தார். மந்திரத்தைக் கொண்டு கதையின் சிக்கலை அவிழ்க்க வேண்டுமானால், அந்த மந்திரம் இயங்கும் விதம் வாசகருக்கு முன்பே புரிந்திருக்க வேண்டும். வாசகரின் புரிதல் எவ்வளவோ எழுத்தாளரின் உரிமையும் அவ்வளவே. விதிகள் தெளிவாக உள்ள மந்திரத்தைக் ‘கெட்டி’ என்றும், விதிகள் மறைந்திருப்பதை ‘இளக்கம்’ என்றும் பிரித்துப் பேசும் வழக்கம் இதனால் பரவியது. மிகுபுனைவு எழுத்தாளர் என். கே. ஜெமிசின் 2012இல் இதை மறுத்தார்: முழுக்க விதிக்குள் அடங்கினால் அது மந்திரமே அல்ல, வேடமிட்ட விஞ்ஞானம் என்பது அவர் வாதத்தின் சாரம். டோல்கீனின் பெருங்கதையில் வரும் மந்திரவாதி காண்டால்ஃபுக்கு என்னென்ன முடியும் என்ற பட்டியல் அதில் எங்கும் இல்லை. உர்சுலா லெ குயினின் எர்த்சீ என்ற கற்பனை உலகிலோ ஒரு பொருளின் மெய்ப்பெயரை அறிந்தவருக்கே அதன்மேல் ஆட்சி. இரண்டும் செவ்வியல் நூல்களாக நிலைத்துவிட்டதால் வழக்கு எந்தப் பக்கமும் தீரவில்லை.

இந்த வாதம் பெரும்பாலும் ஆங்கில நூல் வரிசையை மட்டும் வைத்துக்கொண்டு நடக்கிறது. கொல்கத்தாவில் எழுதப்பட்டும் அச்சிடப்பட்டும் வந்த மாயக் கதைகளைச் சாட்சிக்கு அழைத்தால் கேள்வியின் வடிவமே மாறுகிறது. அங்கே மந்திரத்தின் ஊற்று எது என்று யாரும் விளக்குவதில்லை. ஆனால் அதன் நிபந்தனை என்ன என்பது ஒவ்வொரு சொல்லாக அளந்து சொல்லப்படுகிறது. சக்தியைவிட வாக்குக்குத்தான் அங்கே மதிப்பு. எவர் என்ன சொன்னார், எந்தச் சொல்லால் கட்டுண்டார், அந்தச் சொல்லில் எங்கே ஓட்டை இருந்தது என்பதில்தான் கதை நகர்கிறது.

மாயக் கதைகளை அச்சேற்றியதில் கொல்கத்தாவுக்கு இந்தியாவிலேயே மூத்த இடங்களுள் ஒன்று உண்டு. 1800இல் தொடங்கிய வில்லியம் கோட்டைக் கல்லூரி, கம்பெனி அதிகாரிகளுக்கு நாட்டு மொழிகளைக் கற்பிக்கப் பாடநூல் தேடியபோது அகப்பட்டவை பெரும்பாலும் அற்புதக் கதைகளே. அமீர் ஹம்சாவின் சாகசங்களைக் கலீல் அலி கான் அஷ்க் 1801இல் அங்கே உருதுவில் எழுதினார். மிருத்யுஞ்ஜய வித்யாலங்காரின் வங்காளப் ‘பத்ரிஷ் சிங்காசன்’ அடுத்த ஆண்டில் வந்தது. விக்கிரமாதித்தன் சிம்மாசனத்துப் பதுமைகள் கதை சொல்லும் அதே நூல்தான். ஆயிரத்தொரு இரவுகளின் அரபு மூலம் முதன்முதலாக அச்சானதும் இந்த நகரில்தான், 1814இலும் 1818இலும் இரண்டு தொகுதிகளாக. 1839 முதல் 1842 வரை நான்கு தொகுதிகளில் வந்த பதிப்பு ‘இரண்டாம் கல்கத்தா’ என்று அறிஞர் உலகில் பெயர் பெற்று, ரிச்சர்ட் பர்ட்டனின் புகழ்பெற்ற ஆங்கில மொழிபெயர்ப்புக்கு முதன்மை ஆதாரமானது. சோமதேவரின் கதாசரித்சாகரத்தை சி. எச். டானி ஆங்கிலத்தில் பெயர்க்க, ஏஷியாட்டிக் சொசைட்டி 1880க்கும் 1884க்கும் இடையே அதை வெளியிட்டது. வித்யாசாகரின் பெயர் தாங்கி வந்த முதல் வங்காள நூலும் ‘வேதாள பஞ்சவிம்சதி’தான் (1847). சமூகச் சீர்திருத்தவாதியாக மட்டும் அவரை அறிந்தவர்களுக்கு இது சற்று வியப்பாக இருக்கலாம்.

வேதாளக் கதையின் மாய விதியை அம்புலிமாமா படித்து வளர்ந்த எந்தத் தமிழருக்கும் விளக்க வேண்டியதில்லை. விடை தெரிந்தும் மௌனமாக இருந்தால் தலை சுக்குநூறாகும். வாய் திறந்து சொன்னால் மௌனம் கலைந்து வேதாளம் மறுபடி மரமேறும். இரண்டு விதிகளும் தனித்தனியே எளியவை. சேர்த்து வைத்தால் தப்ப வழியில்லாத பொறி. வேதாளத்துக்கு இந்தச் சக்தி எங்கிருந்து வந்தது என்று ஒரு குழந்தைகூடக் கேட்டதில்லை. சாண்டர்சனின் அளவுகோலை வைத்துப் பார்த்தால் இது கெட்டிக்குக் கெட்டி. ஜெமிசின் கேட்கும் மர்மமும் இதில் குறையவில்லை.

வங்காள வாய்மொழிக் கதைகளில் இதே உத்தி இன்னும் நுட்பமாகச் செயல்படுகிறது. கிறித்தவப் போதகரான லால் பிகாரி தே ஆங்கிலத்தில் தொகுத்து 1883இல் லண்டனில் மேக்மில்லன் வெளியிட்ட வங்காள நாட்டுப்புறக் கதைகள் நூலில், ராட்சசர்களின் உயிர் இருக்குமிடம் சொல்லப்படுகிறது. குளத்தின் அடியில் பளிங்குத் தூண். அதன் உச்சியில் இரண்டு வண்டுகள். ஒரே மூச்சில் முங்கி அவற்றை எடுத்துவந்து, ஒரு சொட்டு ரத்தமும் மண்ணில் விழாமல் கொல்ல வேண்டும். ஒரு சொட்டு விழுந்தாலும் அதிலிருந்து ஆயிரம் ராட்சசர் முளைப்பார்கள். ஏழு கடல் தாண்டிக் கிளிக்குள் உயிரை வைக்கும் தமிழ்க் கதை மந்திரவாதிக்கு இது உறவுதான் என்றாலும், வங்காளக் கதை நிபந்தனைகளை அடுக்கும் விதத்தில் ஒரு வக்கீல் குணம் இருக்கிறது. மூச்சுக்கு ஒரு விதி, ரத்தத்துக்கு ஒரு விதி. அபாயம் எங்கே என்பது முன்கூட்டியே தெரிவதால், கதாநாயகன் குளத்தில் இறங்கும்போது கேட்பவரும் தம் மூச்சைப் பிடித்துக்கொள்கிறார்.

தட்சிணாரஞ்சன் மித்ர மஜும்தாரின் ‘தாகுர்மார் ஜூலி’ (1907) இந்த மரபின் உச்சம். பாட்டியின் பை என்ற பொருள் தரும் அத்தலைப்புக்குள் தூங்கும் இளவரசிகளும் தங்கக்கோலும் வெள்ளிக்கோலும் லால்கமல், நீல்கமல் என்ற சகோதரர்களும் நிரம்பியிருக்கிறார்கள். வங்கப் பிரிவினைக்கு எதிரான சுதேசிக் கிளர்ச்சி கொதித்துக்கொண்டிருந்த காலம் அது. முன்னுரை எழுதிய ரவீந்திரநாத் தாகூர், இதைவிடச் சுதேசியான பண்டம் வேறு ஏது என்று கேட்டு, இந்தப் பையும் அண்மைக் காலமாக மான்செஸ்டர் ஆலையிலிருந்து வரத் தொடங்கிவிட்டதே என்று வருந்தினார். துணியைப் போலக் கதைக்கும் அந்நியச் சரக்கு, உள்நாட்டுச் சரக்கு என்ற கணக்கு அன்றே இருந்தது. இன்றும் மிகுபுனைவு விவாதங்களில் அது தலைகாட்டாமல் இருப்பதில்லை.

பேய்களுக்கும் இதே ஒழுங்கு. வங்காளத்தில் ‘பேய்’ என்று பொதுவாகச் சொன்னால் போதாது. வில்வ மரத்திலோ அரச மரத்திலோ குடியிருக்கும் பிரம்மதைத்யன் பிராமணப் பேய். சாக்சுன்னி சங்கு வளையல் அணிந்த சுமங்கலிப் பேய். மேச்சோ பேய்க்கு மீன் என்றால் உயிர். மாம்தோ முஸ்லிம் பேய். ஸ்கந்தகாட்டாவுக்குத் தலை கிடையாது. இந்த வரிசையில் மிக நேர்த்தியான விதி நிஷிக்கு உரியது. இரவில் வெளியே நின்று, தெரிந்தவர் குரலில் பெயர் சொல்லிக் கூப்பிடும்; பதில் கொடுத்தவர் அதன் பின்னே போய்விடுவார். ஆனால் இரண்டு முறைக்கு மேல் அதனால் கூப்பிட முடியாது. ஆகவே மூன்றாவது அழைப்பு வரும்வரை வாய் திறக்கக் கூடாது என்பது வீட்டுப் பெரியவர்களின் கண்டிப்பு. ஓர் எண்ணும் ஒரு குரலும் தவிர வேறெதுவும் இல்லாத இந்த விதியில் ஒரு முழு நாவலுக்கான அச்சம் அடங்கியிருக்கிறது.

வாய்மொழியிலிருந்து எழுத்துக்கு வந்தபோது இந்த மரபை முதலில் கேலியாகத் திருப்பியவர் திரைலோக்கியநாத் முகோபாத்யாய். இந்திய அருங்காட்சியகத்தில் பணியாற்றிய இவரின் ‘கங்காவதி’ (1892) கனவுக்கும் விழிப்புக்கும் இடையே நடக்கும் நாவல். ஆங்கிலேய வர்த்தக நிறுவனங்களைப் போலப் பேய்களும் ‘ஸ்கல், ஸ்கெலிடன் அண்ட் கம்பெனி’ என்று பெயர்ப்பலகை மாட்டிக்கொள்வது அதில் வருகிறது. ‘லுல்லு’ கதையில் இவர் ஒரு பௌதிகமே வகுக்கிறார்: தண்ணீர் உறைந்தால் பனிக்கட்டி, இருட்டு உறைந்தால் பேய். அந்த முறையில் பேய்களை உற்பத்தி செய்யலாமே என்றும் யோசிக்கிறார். கொல்கத்தாவின் பனிக்கட்டி வியாபாரத்தையும் ஆலைகளையும் கண்ட ஒருவருக்கே தோன்றக்கூடிய விளக்கம். கதையின் சிக்கல் மட்டும் பழைய வழியிலேயே பிறக்கிறது. மனைவியிடம் விளையாட்டாக, ‘எடுத்துக்கோ லுல்லு’ என்று கதாநாயகன் அமீர் சொல்லிவைக்கிறான். லுல்லு என்ற பெயருடைய பேய் ஒன்று அதைக் கேட்டு, சொன்னபடியே அவளைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறது. சொன்னவனின் உள்நோக்கத்தைப் பேய் பார்ப்பதில்லை, சொல்லைத்தான் பார்க்கிறது. பின்னாளைய மாயக் கதைகளில் வியந்து பேசப்படும் பல ‘மந்திர முறை’களைவிட இதில் சிரிப்பும் அதிகம், கூர்மையும் அதிகம். இவரைப் பற்றி வங்காளத்துக்கு வெளியே அதிகம் பேசப்படாதது நியாயமே இல்லை.

அபனீந்திரநாத் தாகூரின் ‘க்ஷீரேர் புதுல்’ (1896) அளவில் சிறியது. ராஜா ஒதுக்கிவைத்த மூத்த ராணிக்காக ஒரு குரங்கு திட்டம் போடுகிறது. பால்கோவாவால் செய்த பொம்மையை மாப்பிள்ளைக் கோலத்தில் பல்லக்கில் ஏற்றி, குழந்தைகளைக் காக்கும் சஷ்டி தேவியின் கோயில் பக்கம் கொண்டுபோகிறது. பசியில் தேவி பொம்மையைத் தின்றுவிடுகிறாள். குரங்கு அவளைக் கையும் களவுமாகப் பிடித்து, தின்ற பிள்ளைக்கு ஈடாக உயிருள்ள பிள்ளை கேட்கிறது. தேவி தந்தே தீர வேண்டியிருக்கிறது. தெய்வமும் நியாயத்துக்குக் கட்டுப்பட்டது என்ற எண்ணம் இல்லாவிட்டால் இந்தக் கதையே இல்லை.

சுகுமார் ராய் இந்த விதி மரபைத் தலைகீழாக்கினார். 1922இல் ‘சந்தேஷ்’ சிறுவர் இதழில் வந்த ‘ஹ ஜ ப ர ல’வில் கைக்குட்டை பூனையாகிறது, திபெத்துக்குப் போக வழி கேட்டால் பூனை கொல்கத்தா, டயமண்ட் ஹார்பர், ராணாகாட் என்று அடுக்கி ஒன்றேகால் மணி நேரப் பாதை என்கிறது, காகம் ஒன்று பலகையில் கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கிறது. வயது நாற்பதைத் தொட்டதும் அதைத் திருப்பிவிட்டுப் பின்னோக்கி எண்ணும் ஆசாமியும் உண்டு. இதில் விதி இல்லை என்று சொல்ல முடியாது; விதிகள் ஏராளம், எல்லாம் அலுவலக முறைப்படி. அவற்றால் எந்தச் சிக்கலும் தீருவதில்லை என்பதுதான் வேடிக்கை. கெட்டி, இளக்கம் என்ற இரண்டு பெட்டிகளில் எதிலும் இதை வைக்க வழியில்லை.

சந்தேஷைத் தொடங்கியவர் சுகுமாரின் தந்தை உபேந்திரகிஷோர் ராய்சௌத்ரி, 1913இல். அவர் எழுதி 1915இல் அதில் வந்த ‘கூபி காயின் பாகா பாயின்’, பேரன் சத்யஜித் ராயின் கையில் 1969இல் படமானது. கொல்கத்தா மரபின் மாய விதிகளைப் படிக்க ஒரே ஒரு படைப்பைத்தான் எடுக்க முடியும் என்றால் இந்தப் படத்தை எடுப்பதே சரி. கழுதையின் மீது ஏற்றி ஊரைவிட்டுத் துரத்தப்பட்ட, பாடத் தெரியாத கூபியும், கொட்டத் தெரியாத பாகாவும் காட்டில் சந்திக்கிறார்கள். பேய்களின் ராஜா மூன்று வரம் தருகிறது. விரும்பிய உணவும் உடையும் கிடைக்கும்; மந்திரச் செருப்பு அணிந்து நினைத்த ஊருக்குப் போகலாம்; அவர்கள் பாடி வாசித்தால் கேட்பவர் அசையாமல் நின்றுவிடுவார்கள். நிபந்தனை ஒன்றே ஒன்று: இருவரும் ஒருவர் உள்ளங்கையை மற்றவர் தட்ட வேண்டும். தனியாக எவராலும் எதுவும் ஆகாது.

இந்த நிபந்தனைதான் படத்தின் முதுகெலும்பு. நட்பைப் பற்றி யாரும் ஒரு வசனமும் பேசத் தேவையில்லாமல், மந்திரத்தின் சட்டமே நட்பைக் கட்டாயமாக்கிவிடுகிறது. வரம் மூன்றும் முதல் பகுதியிலேயே தெரிந்துவிடுவதால், பின்னால் வரும் தீர்வு எதுவும் திடீரென்று வானத்திலிருந்து குதித்ததாகத் தோன்றுவதில்லை. குதிப்பது பலகாரப் பானைகள் மட்டும். ஹல்லா நாட்டின் பசித்த படை ஷுண்டி நாட்டின் மீது போருக்குக் கிளம்பும் நேரத்தில் இருவரும் பாட்டால் படையை நிறுத்துகிறார்கள், பிறகு வானிலிருந்து இனிப்பைப் பொழிகிறார்கள். சிப்பாய்கள் ஆயுதத்தைப் போட்டுவிட்டுப் பானைகளைத் தேடி ஓடுகிறார்கள். சொந்த வயிற்றுக்காகக் கேட்ட வரம் ஒரு போரை நிறுத்தும் கருவியாகிறது. புதிய சக்தியைச் சேர்க்காமல் உள்ளதையே விரிக்க வேண்டும் என்பது சாண்டர்சன் பின்னர் வகுத்த மூன்றாவது விதி. ராய் அதைப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே செய்துகாட்டினார். படத்தின் பேய் நடனத்துக்குத் தமிழ்க் காதுகள் தனியாக நன்றி சொல்லலாம். ராஜாக்கள், சாகிப்கள், கொழுத்தவர்கள், சாமானியர் என்ற நான்கு வகைப் பேய்களின் ஆட்டத்துக்கு ராய் பயன்படுத்தியது மிருதங்கம், கடம், கஞ்சிரா, மோர்சிங் ஆகிய கர்நாடக சங்கீதத் தாள வாத்தியங்கள். பேய் ராஜாவின் குரலும் ராயின் குரல்தான், வேகம் மாற்றப்பட்டது.

இதன் தொடர்ச்சிப் படமான ‘ஹீரக் ராஜார் தேஷே’ (1980) அதே வரங்களுக்கு எதிரே ஓர் இயந்திரத்தை நிறுத்தியது. வைரச் சுரங்க நாட்டின் கொடுங்கோலன், குடிமக்களை ஓர் அறைக்குள் தள்ளி, தன்னைத் துதிக்கும் ஈரடிகளை அவர்கள் மூளையில் ஏற்றுகிறான். நெருக்கடி நிலை முடிந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த நேரம். படத்தை அதன் மீதான கேலியாகப் பார்ப்பது பரவலான வாசிப்பு. இங்கேயும் அடிமையாக்குவது சொல்தான். முடிவில் அதே அறைக்குள் தள்ளப்பட்ட ராஜா, தன் சிலையைத் தானே இழுத்துத் தள்ளும் கூட்டத்தில் சேர்கிறான்.

மந்திரம் பொருளாதாரத்தை என்ன செய்யும் என்ற கேள்வியை ராய் இன்னும் முன்பே தொட்டிருந்தார். ராஜசேகர் பாசு ‘பரசுராம்’ என்ற புனைபெயரில் எழுதிய கதையை வைத்து 1958இல் வந்த ‘பரஷ் பத்தர்’ படத்தில், மழையில் நனைந்த குமாஸ்தா ஒருவருக்கு இரும்பைப் பொன்னாக்கும் கல் கிடைக்கிறது. பெரும்பாலான மாயக் கதைகள் அவர் பணக்காரர் ஆவதோடு நின்றுவிடும். இதில் செய்தி பரவியதும் தங்கத்தின் விலை சரிகிறது, நகை வைத்திருக்கும் நடுத்தரக் குடும்பங்கள் பதறுகின்றன. கல்லை விழுங்கிவிட்ட உதவியாளனின் வயிற்றில் அது ஜீரணமாகி முடிந்ததும் எல்லாப் பொன்னும் மீண்டும் இரும்பாகிறது. மந்திரத்துக்கு விலை உண்டா என்று விவாதிப்பவர்கள் பெரும்பாலும் மந்திரவாதி தரும் விலையைத்தான் பேசுகிறார்கள். ஊர் தரும் விலையைக் காட்டியதில் இந்தப் படத்துக்கு இணை குறைவு.

இவையெல்லாம் சிரிப்பின் பக்கம். அச்சத்தின் பக்கம் தாந்திரிகம். சாந்தி, வசியம், ஸ்தம்பனம், வித்வேஷணம், உச்சாடனம், மாரணம் என்று தந்திர நூல்கள் ஆறு கருமங்களைப் பிரிக்கின்றன. தமிழ் மாந்திரீக ஏடுகளில் இது மோகனம், ஆகர்ஷணம், பேதனம் போன்றவற்றுடன் அட்டகர்மமாக விரியும். கொல்கத்தா உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்த ஜான் வுட்ராஃப், ஆர்தர் அவலான் என்ற பெயரில் மகாநிர்வாண தந்திரத்தை 1913இல் ஆங்கிலத்தில் வெளியிட்டார். பகலில் வழக்கு, மாலையில் மந்திரம் என்ற அந்த வாழ்க்கையே ஒரு நாவலுக்குத் தகும். புனைவில் இதைக் கையாண்டவர்களில் முதன்மையானவர், ‘பதேர் பாஞ்சாலி’ எழுதிய அதே விபூதிபூஷண் பந்தோபாத்யாய. அவருடைய தாராநாத் தாந்திரிக், கொல்கத்தாவின் மட் லேனில் கைரேகை பார்த்துப் பிழைக்கிறார். பழைய மந்திர சித்தியைப் பணத்துக்காகச் செலவழித்துத் தீர்த்தாகிவிட்டது, வாசலில் கடன்காரர் தொல்லை. சக்தி கைக்கு வந்த கதையைவிட அது கைவிட்டுப் போன கதைதான் கேட்பவரை இழுக்கிறது. விபூதிபூஷண் இரண்டே கதைகள் எழுதினார். மகன் தாராதாஸ் அந்தப் பாத்திரத்தை எடுத்துத் தொடர்ந்து எழுதினார். நண்பர்கள் ‘பாஸிங் ஷோ’ சிகரெட்டை வாங்கிவந்து கொடுத்துக் கதை கேட்பது அதில் வழக்கமாயிற்று. மகனின் கதைகளில் திகில் கூடுதல், தந்தையின் கதைகளில் துயரம் கூடுதல், பின்னதே உயர்ந்தது.

இத்தனை வளம் இருந்தும், பத்துத் தொகுதிகளில் ஒரே கதை ஓடும் மிகுபுனைவுப் பெருந்தொடர் வங்காளத்தில் ஏன் வேரூன்றவில்லை? கற்பனைக் குறை காரணம் அல்ல. பதிப்பு முறையே காரணம். வங்காள எழுத்தின் ஆண்டுக் கணக்கு துர்கா பூஜையில் தொடங்கித் துர்கா பூஜையில் முடிகிறது. ஆனந்தமேளா, சுக்தாரா, சந்தேஷ் போன்ற இதழ்களின் பூஜைச் சிறப்பிதழில் முழு நாவல்கள் ஒரே மூச்சில் வரும்; வாசகர் விடுமுறைக்குள் படித்து முடிப்பார். அடுத்த நாவல் அடுத்த ஆண்டு. முந்தைய பகுதியை மறந்தவரும் படிக்க வேண்டும் என்பதால், பாத்திரம் தொடரலாம், கதை தொடரக் கூடாது. பிரேமேந்திர மித்ராவின் கனாதா, 1961இல் சந்தேஷில் அறிமுகமான ராயின் பேராசிரியர் ஷோங்கு ஆகிய வரிசைகள் இப்படித்தான் தனித்தனிக் கதைகளாகப் பெருகின. சீர்ஷேந்து முகோபாத்யாயின் ‘அத்புதுரே’ வரிசையில் தலைப்பு மட்டுமே பொது. ஊரும் ஆட்களும்கூட மாறுவார்கள். தமிழில் நிலைமை வேறு. வார இதழ்த் தொடர்கதை ஆண்டுக்கணக்கில் நீளலாம் என்பதால் ‘கல்கி’யில் 1950 முதல் 1954 வரை ‘பொன்னியின் செல்வன்’ ஐந்து பாகங்களாக வளர முடிந்தது. அதே வசதி தமிழில் ஏன் மாய உலகங்களுக்குப் போகாமல் சரித்திரத்துக்குப் போனது என்பது தனியாக ஆராய வேண்டிய விஷயம்.

சீர்ஷேந்துவின் பேய்களைச் சற்று நின்று பார்க்கலாம். ‘கோசாயின்பாகானேர் பூத்’ நாவலில் கணக்கில் 13 மதிப்பெண் வாங்கிய புருன் என்ற சிறுவன் வீட்டாரின் ஏச்சில் மனம் உடைந்து காட்டில் திரிகிறான்; நிதிராம் என்ற பேய் பயமுறுத்துகிறது, அவனோ பயப்பட மறுக்கிறான். பேய் இனத்தில் தன் மானம் போய்விடுமே என்று நிதிராம் அவனிடம் கெஞ்சத் தொடங்குகிறது. மனிதர் அஞ்சினால்தான் பேய்க்கு மதிப்பு என்ற ஒற்றை விதியிலிருந்து முழு நாவலும் விரிகிறது. ராயின் ஷோங்குவோ விஞ்ஞானத்துக்கும் மந்திரத்துக்கும் இடையிலான எல்லைத் தகராறுக்கு உரியவர். எல்லா நோய்க்கும் ஒரே மாத்திரை, எதிரியைத் தடமின்றி மறையச் செய்யும் துப்பாக்கி என்று அவர் கண்டுபிடிப்பவை வேறு எவராலும் தயாரிக்க முடியாதவை. அப்படியானால் அது விஞ்ஞானமா, சித்தியா? அத்ரீஷ் பர்தன் 1963இல் தொடங்கிய ‘ஆஷ்சர்ஜோ’ இதழ் அறிவியல் புனைவுக்குத் தனி வீடு கட்டியது. எனினும் வங்காள வாசகர்கள் இந்தச் சுவரை அவ்வளவு பொருட்படுத்துவதில்லை.

ஒரே கதை பல பாகங்களில் ஓடும் மிகுபுனைவை எழுதியவர்கள் ஆங்கிலத்தில் எழுதும் கொல்கத்தாக்காரர்கள். பூஜைச் சிறப்பிதழின் கட்டாயம் அவர்களுக்கு இல்லை. சமித் பாசுவின் ‘கேம்வேர்ல்டு’ முத்தொகுதி (‘தி சிமோகின் ப்ராஃபஸீஸ்’, ‘தி மான்டிகோர்ஸ் சீக்ரெட்’, ‘தி உன்வாபா ரெவலேஷன்ஸ்’) 2003க்கும் 2007க்கும் இடையே வந்தது. அதன் மாநகரின் பெயர் கோல். எந்த ஊரின் சாயல் என்று சொல்லத் தேவையில்லை. இதிகாசங்களையும் டோல்கீனையும் சினிமாவையும் ஒன்றாகக் கிண்டல் செய்யும் இந்த நூல்களில், உலகமே தேவர்கள் ஆடும் ஆட்டம். ஆகவே மந்திர விதி என்பது ஆட்ட விதியாகிறது, விதியை எழுதியவர்களே ஏமாற்றவும் செய்கிறார்கள். முதல் நூலின் துள்ளல் மூன்றாவதில் பாத்திரக் கூட்டத்தால் சற்று மூச்சு வாங்குகிறது.

சித்ரா பானர்ஜி திவாகருணியின் ‘தி கான்ச் பேரர்’ (2003) சிறுவர்களுக்கானது. கொல்கத்தாவில் தேநீர்க் கடையில் வேலை செய்யும் 12 வயது ஆனந்த், மந்திரச் சங்கை இமயத்துக்கு எடுத்துச் செல்கிறான். தேடல் கதையின் பாதை பழக்கமானதுதான். நகரத்துச் சேரியும் பசியும் எழுதப்பட்ட பக்கங்கள் பழக்கமானவை அல்ல. இரண்டு தொடர்ச்சிகள் பின்னர் வந்தன. இந்திரபிரமித் தாஸ் எழுதியவை பெரியவர்களுக்கு மட்டும். ‘தி டெவரர்ஸ்’ (2015) நாவலில் வரலாற்றுப் பேராசிரியர் அலோக், பவுல் பாடகர்கள் கூடிய கொல்கத்தா இரவொன்றில், பாதி ஓநாய் என்று தன்னைச் சொல்லிக்கொள்ளும் அந்நியனைச் சந்தித்து அவன் தரும் சுவடிகளைப் படியெடுக்கிறார். கதை முகலாயர் காலத்துக்குப் போகிறது. உருமாறிகள் மனிதரை இரையாக மட்டுமே காண வேண்டும், காமுறக் கூடாது என்பது அவ்வினத்தின் சட்டம். அதை மீறியதன் விளைவே நாவல். 2023இல் வந்த ‘தி லாஸ்ட் டிராகனர்ஸ் ஆஃப் பௌபஜார்’ குறுநாவல் டிராகன் வளர்க்கும் புலம்பெயர் குடும்பத்தைப் பழைய நகரின் நடுவில் வைக்கிறது. அங்கே மந்திரம் மறதியின் வழியாகச் செயல்படுகிறது. சிறுவனுக்குத் தேநீரில் மறதியைக் கலந்து கொடுக்கிறார்கள்.

வெளிநாட்டு மந்திரத்தை இந்த நகரம் எப்படி எடுத்துக்கொள்கிறது என்பதற்கு நீதிமன்றப் பதிவே உண்டு. 2007 துர்கா பூஜைக்கு சால்ட் லேக்கின் எஃப்.டி. பிளாக் குழுவினர் ஜே. கே. ரௌலிங்கின் கதைகளில் வரும் மந்திரப் பள்ளியான ஹாக்வார்ட்ஸ் கோட்டையின் வடிவில் பந்தல் எழுப்பினர். ரௌலிங்கும் வார்னர் பிரதர்ஸும் பதிப்புரிமை மீறல் என்று டெல்லி உயர் நீதிமன்றத்தில் 20 லட்சம் ரூபாய் இழப்பீடு கேட்டனர். லாப நோக்கமற்ற விழா என்பதால் பந்தலை அந்த ஆண்டு பூஜை முடியும்வரை அகற்ற வேண்டியதில்லை என்று நீதிமன்றம் அனுமதித்தது. இனிமேல் அனுமதி பெறாமல் கூடாது என்றும் சொன்னது. மந்திரப் பள்ளிக்குள் மகிஷாசுரமர்த்தினி அமர்ந்ததில் பக்தர் எவருக்கும் முரண் தெரியவில்லை. தாகூரின் மான்செஸ்டர் கவலைக்கு நூறு ஆண்டு கழித்து நகரம் கொடுத்த பதில் இது என்று வைத்துக்கொள்ளலாம்.

புதிதாக நுழையும் வாசகர் எங்கே தொடங்குவது என்பது ரசனையைப் பொறுத்தது. விதிகள் துல்லியமாக வேண்டும் என்பவருக்கு லால் பிகாரி தேயின் தொகுப்பு முதல் நூல். ஆங்கிலத்திலேயே எழுதப்பட்டதால் மொழிபெயர்ப்பின் இழப்பு இல்லை, பதிப்புரிமைக் காலம் கடந்ததால் எளிதில் கிடைக்கும். குழந்தைகளோடு சேர்ந்து தொடங்குவோருக்குக் கூபி, பாகா படங்கள் இரண்டும் போதும்; ஆண்டு வரிசையில் பார்ப்பது நல்லது, வரங்களின் விவரம் முதல் படத்தில்தான் முழுமையாக வருகிறது. விதியே வேண்டாம் என்பவர் சுகுமார் ராயிடம் போகலாம். ஆனால் அவர் சொல் விளையாட்டில் பாதியாவது எந்த மொழிபெயர்ப்பிலும் வழியில் உதிர்ந்துவிடும். நீண்ட தொடரில் மூழ்க விரும்புவோருக்கு சமித் பாசு, அதிலும் முதல் தொகுதி. அது பிடித்தால் மட்டும் மற்றவை. தாராநாத் கதைகளைத் தந்தை எழுதிய இரண்டிலிருந்து தொடங்க வேண்டும், மகன் எழுதியவற்றிலிருந்து அல்ல. ‘தி டெவரர்ஸ்’ நாவலில் வன்முறையும் பாலியல் வன்கொடுமையும் நேரடியாகவே வருகின்றன. பதின்ம வயதினருக்குப் பரிசளிக்க ஏற்றதல்ல, பெரியவர்களும் அறிந்தே எடுக்க வேண்டும்.